முனையம் என்ன சொல்கிறது?

கணினியில் ஒரு நிரலை இயக்க முயலும்போது, அது இயங்காமல் நின்று, கறுப்புத் திரையில் புரியாத ஓரிரு வரிகளைக் காட்டுவது உண்டு. அவ்வரிகளைக் கண்டதும் பலர் சாளரத்தை மூடிவிடுகிறார்கள். சிலர் அதே கட்டளையை மீண்டும் மீண்டும் தட்டெழுதிப் பார்க்கிறார்கள். வேறு சிலர், இணையத்தில் கண்ணில் பட்ட ஏதோ ஒரு கட்டளையை நகலெடுத்து ஒட்டுகிறார்கள். முதலாவது செயலால் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. இரண்டாவது செயலால் நேரம் வீணாகிறது. மூன்றாவது செயலாலோ, பல மாதங்களாகச் சேமித்து வைத்த கோப்புகளே அழிந்துபோகக்கூடும். இம்மூன்றையும் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. கணினி காட்டிய வரிகளை முதலில் முழுமையாகப் படிப்பதே அந்த வழி.

கணினி காட்டும் அந்த வரிகளுக்குப் பிழைச்செய்தி என்று பெயர். நோயாளி ஒருவர் மருத்துவரிடம், “வலது முழங்காலுக்குக் கீழே, படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது” என்று சொல்வதைப் போன்றது அது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்பன தெரிந்துவிட்டால் மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும். கணினியும் தன் சிக்கலை அவ்வாறே சொல்கிறது. ஆனால், மிகச் சுருக்கமாகச் சொல்கிறது. அச்சுருக்கத்தை விரித்துப் படிக்கக் கற்றுக்கொள்பவர் பெரும்பாலான தடைகளைத் தாமே நீக்கிக்கொள்ள முடியும்.

லினக்ஸும் முனையமும்

திறமூல மென்பொருள் என்பது, அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை அளிக்கும் மென்பொருளாகும். திறமூல இயங்குதளங்களுள் புகழ்பெற்றது லினக்ஸ். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளத்தை உருவாக்கி வருவதாக இணையக் கலந்துரையாடல் குழு ஒன்றில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பின்னர் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதை மேம்படுத்தினர். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸின் கருவே. உலகின் மிக வேகமான 500 கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

சிங்கப்பூரிலும் அப்படித்தான். ஒன்-நார்த் வட்டாரத்தில் உள்ள ஃபியூஷனோபோலிஸில் தேசிய மீத்திறன் கணினி நிலையம் அமைத்த ‘ஆஸ்பயர் 1’ என்னும் கணினி, ஒரு நொடியில் ஏறத்தாழ 1,000 டிரில்லியன் கணக்குகளைச் செய்யும் திறன் கொண்டது. அதன் இயங்குதளமும் லினக்ஸே. அதைப் பயன்படுத்திய ஆய்வாளர்கள் அதன் முன்னால் சென்று அமரவில்லை. தத்தம் பல்கலைக்கழகத்திலிருந்தோ ஆய்வுக்கூடத்திலிருந்தோ, முனையம் எனப்படும் எழுத்துத் திரை வழியாக அதற்குக் கட்டளை அனுப்பினர். பள்ளிகளில் மாணவர்கள் பயன்படுத்தும் உள்ளங்கை அளவிலான ‘ராஸ்பெரி பை’ கணினியிலும் இதே முனையம் உண்டு.

முனையம் என்னும் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உள்ளது. முற்காலக் கணினிகளுக்குத் திரை கிடையாது. தட்டச்சு இயந்திரத்தைப் போன்ற ‘டெலிடைப்’ என்னும் கருவியில் கட்டளையைத் தட்டெழுதினால், கணினியின் பதில் அதே கருவியில் காகிதத்தில் அச்சாகி வரும். கணினியோடு பேசுவதற்குரிய கம்பியின் முனையில் அக்கருவி இருந்தது. இன்று அக்கருவி மறைந்துவிட்டது. ஆயினும், அதன் சுருக்கப் பெயரான ‘டிடிஒய்’ லினக்ஸில் இன்னும் வழங்குகிறது. காகிதத்தில் அச்சிட்டுக் காட்டிய காலத்துப் பழக்கமே பிழைச்செய்திகள் இவ்வளவு சுருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணமாகும்.

பிழைச்செய்தியின் மூன்று பகுதிகள்

முனையத்தில் கட்டளைகள் ஆங்கில எழுத்துகளில்தான் தட்டெழுதப்படுகின்றன. பிழைச்செய்திகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். இக்கட்டுரையில் கட்டளைகளின் ஒலிப்பும் செய்திகளின் பொருளும் தமிழில் தரப்படுகின்றன.

பல பிழைச்செய்திகள் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளைக் கொண்டிருக்கும். ‘பாஷ்: நடை: கட்டளை கிடைக்கவில்லை’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. முதல் பகுதி, பேசுவது யார் என்பதைச் சொல்கிறது. இங்கே பேசுவது பாஷ், அதாவது தட்டெழுதப்படும் கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் நிரல். இரண்டாம் பகுதி, எதைப் பற்றிப் பேசுகிறது என்பதைக் காட்டுகிறது. மூன்றாம் பகுதி, நேர்ந்த சிக்கலைக் கூறுகிறது. யார், எதைப் பற்றி, என்ன சொல்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டபின்தான் அடுத்த செயலில் இறங்க வேண்டும்.

ஒரு நிரல், நான்கு தடைகள்

ஓர் உயர்நிலைப் பள்ளியின் மாணவர்கள் லிட்டில் இந்தியாவில் மரபுடைமை நடை ஒன்றை ஏற்பாடு செய்வதாக வைத்துக்கொள்ளலாம். தேக்கா நிலையத்தில் தொடங்கி, கெர்பாவ் சாலையில் 1900ஆம் ஆண்டில் கட்டப்பட்ட டான் டெங் நியா வீடு, சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம், கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், டன்லப் ஸ்ட்ரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசல் ஆகியவற்றைக் காண்பது அவர்களது திட்டம். இடங்களின் பெயர்களையும் நேரங்களையும் தமிழில் பட்டியலிடுவதற்கு மாணவி ஒருவர் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதுகிறார். கோப்புக்கு ‘நடை’ என்று பெயர் சூட்டுகிறார். வீட்டில் விண்டோஸ் கணினியில் எழுதிய அதை மின்னஞ்சலில் அனுப்பி, பள்ளியில் உள்ள பழைய லினக்ஸ் கணினியில் இறக்கிக்கொள்கிறார். முனையத்தைத் திறந்து, கோப்பு உள்ள அடைவுக்குச் சென்று, ‘நடை’ என்று தட்டெழுதுகிறார்.

முதல் தடை: கட்டளை கிடைக்கவில்லை

‘பாஷ்: நடை: கட்டளை கிடைக்கவில்லை’ என்கிறது திரை. கோப்போ கண்முன்னே இருக்கிறது. பிறகு ஏன் கிடைக்கவில்லை?

கறிவேப்பிலை வாங்க ஒருவரைத் தேக்காவுக்கு அனுப்பி, “இந்த ஐந்து கடைகளில் மட்டும், இதே வரிசையில் கேட்டுப் பார்” என்று ஒரு பட்டியலையும் கொடுத்தால், அவர் அந்த ஐந்து கடைகளில்தான் தேடுவார். ஆறாவது கடையின் வாசலிலேயே கறிவேப்பிலை குவிந்திருந்தாலும், “கிடைக்கவில்லை” என்று திரும்பி வருவார். பாஷும் அப்படியே. அதனிடம் ‘பாத்’ எனப்படும் அடைவுப் பட்டியல் ஒன்று உண்டு. ஒரு கட்டளையின் பெயரைச் சொன்னதும் அப்பட்டியலில் உள்ள அடைவுகளை மட்டும் வரிசையாகத் தேடுகிறது. பயனர் அப்போது நிற்கும் அடைவு வழக்கமாக அப்பட்டியலில் இருப்பதில்லை.

இதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். அன்றாடம் பயன்படும் கட்டளை ஒன்றின் பெயரிலேயே தீங்கு செய்யும் நிரல் ஒன்றை யாரேனும் ஓர் அடைவில் போட்டு வைத்தால், பயனர் அறியாமலேயே அதை இயக்கிவிடக்கூடும். ஆகவே, “இங்கேயே இருக்கும் கோப்பைத்தான் சொல்கிறேன்” என்று பாஷிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கோப்பின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் இட்டு, ‘./நடை’ என்று தட்டெழுதுவதே அதற்குரிய முறை. புள்ளி என்பது இந்த அடைவைக் குறிக்கும்.

எழுத்துப்பிழை இருந்தாலும் இதே செய்தி வரும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகவே கருதுகிறது. மலாய் மொழியில் ‘கெர்பாவ்’ என்றால் எருமை. லிட்டில் இந்தியாவில் உள்ள கெர்பாவ் சாலைக்கும் பஃப்ளோ சாலைக்கும் பெயரில் பொருள் ஒன்றே. ஆனால், கடிதம் கொண்டு செல்லும் அஞ்சல்காரருக்கு அவை இரண்டு தனித்தனிச் சாலைகள். லினக்ஸும் அந்த அஞ்சல்காரரைப் போலப் பொருளைப் பார்ப்பதில்லை. எழுத்தை மட்டுமே பார்க்கிறது.

இரண்டாம் தடை: அனுமதி மறுக்கப்பட்டது

மாணவி ‘./நடை’ என்று தட்டெழுதுகிறார். இப்போது ‘பாஷ்: ./நடை: அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. கோப்பு இருக்குமிடம் பாஷுக்குத் தெரிந்துவிட்டது. முதல் தடை நீங்கிவிட்டது என்பதைச் செய்தியின் மாற்றமே காட்டுகிறது.

லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை உரிமைகள் உண்டு. அவை படிக்கும் உரிமை, எழுதும் உரிமை, இயக்கும் உரிமை. இவை கோப்பின் உரிமையாளர், அவரது குழுவினர், மற்றவர்கள் என்னும் மூன்று தரப்பினருக்கும் தனித்தனியே வழங்கப்படும். நூலகத்தில் சில நூல்களை அங்கேயே அமர்ந்து படிக்கலாம், ஆனால் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அதுபோல, மின்னஞ்சலில் வந்த கோப்பைப் படிக்கலாம், திருத்தலாம், ஆனால் இயக்க முடியாது. வெளியிலிருந்து வரும் கோப்பு தானாகவே இயங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ‘எல்எஸ்’ கட்டளையை ‘எல்’ என்னும் தெரிவுடன் இயக்கினால் கோப்பின் உரிமைகள் திரையில் தெரியும். ‘சிஎச்மாட்’ என்னும் கட்டளையால் இயக்கும் உரிமையை வழங்கலாம்.

இந்த இடத்தில்தான் பலர் ஒரு தவற்றைச் செய்கிறார்கள். ‘சூடோ’ என்னும் சொல்லைக் கட்டளைக்கு முன்னால் சேர்த்துவிடுகிறார்கள். சூடோ என்பது கணினியின் நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தையும் அந்த ஒரு கட்டளைக்குத் தருவது. ஒரு கட்டடத்தில் உள்ள எல்லா வீடுகளையும் திறக்கும் சாவியைப் போன்றது அது. தன் வீட்டுக் கதவைத் திறக்க அந்தச் சாவி தேவையில்லை. முழு அதிகாரத்துடன் இயங்கும் நிரலில் ஒரு சிறு பிழை இருந்தாலும், இயங்குதளத்தின் கோப்புகளே அழிந்துவிடலாம். மென்பொருளை நிறுவுவது போன்ற நிர்வாகப் பணிகளுக்கு மட்டுமே சூடோவைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் தடை: அப்படி ஒரு கோப்பு இல்லை

உரிமை வழங்கியபின் மீண்டும் இயக்கினால், ‘அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை’ என்ற செய்தி வருகிறது. சற்று முன்பு கிடைத்த கோப்பு இப்போது எங்கே போயிற்று? கடைசிப் பகுதியை மட்டும் படிப்பவருக்கு இது பெரும் புதிராகத் தோன்றும். அவர் கோப்பை அழித்துவிட்டு மீண்டும் இறக்கத் தொடங்கிவிடுவார்.

மூன்று கேள்விகளையும் கேட்டால் புதிர் அவிழும். பேசுவது யார்? இம்முறை பாஷ் பேசவில்லை, ‘என்வ்’ என்னும் வேறொரு நிரல் பேசுகிறது. எதைப் பற்றிப் பேசுகிறது? ‘நடை’ பற்றி அன்று. ‘பைத்தான்3’ என்னும் பெயருக்குப் பின்னால் ஒரு பின்சாய்கோடும் ‘ஆர்’ என்னும் எழுத்தும் ஒட்டிக்கொண்டுள்ள ஒரு பெயரைப் பற்றிப் பேசுகிறது. நிரலின் முதல் வரியில், இதைப் பைத்தானைக் கொண்டு இயக்க வேண்டும் என்ற குறிப்பு உள்ளது. அக்குறிப்பின்படி என்வ் பைத்தானைத் தேடுகிறது. ஆனால், தேடும் பெயரின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருப்பதால் அதற்குப் பைத்தான் அகப்படவில்லை.

அந்தக் குறி எங்கிருந்து வந்தது? டெலிடைப்பில் ஒரு வரி முடிந்ததும் இரண்டு செயல்கள் நிகழ வேண்டும். அச்சிடும் பகுதி இடப்பக்கத் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் ஒரு வரி மேலே நகர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருந்தது. விண்டோஸ் இன்றும் வரியின் முடிவில் இவ்விரண்டு குறிகளையும் இடுகிறது. லினக்ஸ் இரண்டாவது குறியை மட்டுமே இடுகிறது. விண்டோஸில் எழுதிய கோப்பில் எஞ்சியிருந்த முதல் குறியே பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்னும் சிறு மென்பொருள் அக்குறிகளை நீக்கிவிடும். காகிதக் காலத்துக் கருவியின் பழக்கம் ஒன்று, பல பத்தாண்டுகள் கழித்து ஒரு மாணவியின் நிரலை நிறுத்திவிடுகிறது.

நான்காம் தடை: 128க்கு அப்பால்

இம்முறை பைத்தான் பேசத் தொடங்குகிறது. பைத்தானின் பிழைச்செய்தி பல வரிகளில் வரும். எந்த வரியிலிருந்து எந்த வரிக்குச் சென்றபோது சிக்கல் நேர்ந்தது என்பதை அது படிப்படியாகக் காட்டும். இத்தகைய நீண்ட செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். சிக்கல் இன்னது என்று சொல்வது அந்த வரிதான். அதன்பின் மேல்நோக்கிச் சென்று, தன் நிரலின் எத்தனையாவது வரி சுட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டும்.

மாணவியின் நிரல் முதலில் ‘தேக்கா’ என்னும் பெயரைத் திரையில் அச்சிட வேண்டும். கடைசி வரியோ, ‘ஆஸ்கி முறையால் 0 முதல் 5 வரையுள்ள குறிகளை எழுத முடியவில்லை, அவற்றின் எண்கள் 128 என்னும் வரம்புக்குள் இல்லை’ என்று கூறுகிறது. கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. ஆஸ்கி என்னும் பழைய முறையில் 128 குறிகளுக்கு மட்டுமே எண்கள் உண்டு. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தக்குறிகளும் அதில் அடங்கிவிடும். தமிழுக்கு அதில் இடமில்லை. அந்தப் பழைய கணினியின் மொழி அமைப்பு ஆஸ்கியாக இருந்ததுதான் சிக்கலின் காரணம்.

செய்தியில் உள்ள ‘0 முதல் 5 வரை’ என்பதும் பொருளுள்ளது. ‘தேக்கா’ என்பதில் தமிழ் படிப்பவருக்கு தே, க், கா என்னும் மூன்று எழுத்துகள் தெரிகின்றன. ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறையிலோ அது ஆறு குறிகள். அவை த, ஏகாரக் குறி, க, புள்ளி, க, துணைக்கால் ஆகும். கணினி எண்ணிக்கையை 0இலிருந்து தொடங்குவதால் ஆறாவது குறியின் இடம் 5 ஆகிறது. யூடிஎஃப்-8 என்னும் முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் இடம் தேவை. ஆக, மூன்றெழுத்துச் சொல் 18 பைட் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கணினியின் மொழி அமைப்பை யூடிஎஃப்-8க்கு மாற்றினால் பட்டியல் தமிழில் தெளிவாகத் தோன்றும். அண்மைக் காலப் பைத்தான் பதிப்புகள் இத்தகைய பழைய அமைப்பிலும் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையையே தாமாகத் தேர்ந்துகொள்கின்றன.

இந்தத் தடையை முன்பே சந்தித்தவர்கள்

தமிழ் எழுத்து திரையில் தோன்றாமல் போன சிக்கலைச் சிங்கப்பூர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராகவும் எழுத்தாளராகவும் இருந்த நா. கோவிந்தசாமி, கணினியிலும் இணையத்திலும் தமிழைக் கொண்டுவரப் பாடுபட்டவர். அவர் உருவாக்கிய முறைக்குக் ‘கணியன்’ என்று பெயர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையில் இயங்கிய இணைய ஆய்வுக் குழுவினரோடு அவர் இணைந்து பணியாற்றினார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தபோது, அதில் தமிழும் இடம்பெற்றிருந்தது. இணையத்தில் வெளிவந்த மிகத் தொடக்ககாலத் தமிழ்ப் பக்கங்களுள் அதுவும் ஒன்று.

அக்காலத்தில் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்திருந்தது. ஓர் எழுத்துருவில் ‘அ’ என்று எழுதியது வேறொரு கணினியில் தொடர்பில்லாத குறியாகத் தெரியும். ஒருவர் அனுப்பிய கடிதத்தை மற்றவர் படிக்க, அதே எழுத்துரு அவரிடமும் இருந்தாக வேண்டும். இதற்குப் பொதுவான தீர்வு காண, 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. அதை முன்னின்று நடத்தியவர் கோவிந்தசாமி. 1999இல் சென்னையில் இரண்டாம் மாநாடு நடந்தது. அதே ஆண்டு கோவிந்தசாமி காலமானார். 2000இல் மாநாடு மீண்டும் சிங்கப்பூரில் நடந்தபோது, ‘உத்தமம்’ எனப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. காலப்போக்கில் ஒருங்குறி பொதுமுறையாக நிலைபெற்றது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. டான் டின் வீ பின்னாளில் தேசிய மீத்திறன் கணினி நிலையத்தின் தலைமை நிர்வாகியாகப் பொறுப்பேற்றார்.

திரையில் சிதைந்து தெரிந்த எழுத்தைக் கண்டு அவர்கள் ஒதுங்கிச் சென்றிருந்தால், கைப்பேசியில் தமிழில் ஒரு செய்தி அனுப்புவது இன்று இவ்வளவு எளிதாக இருந்திராது. எந்த எழுத்து, எந்த எண்ணாக மாறி, எங்கே சிதைகிறது என்று பொறுமையாகத் தேடியதன் பயன் அது.

சொல்லாமல் சொல்லும் எண்

சில வேளைகளில் நிரல் எந்தச் செய்தியும் தராமல் நின்றுவிடும். அப்போதும் அது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் 0 முதல் 255 வரையிலான ஒரு முடிவெண்ணைத் தருகிறது. ‘எக்கோ’ என்னும் கட்டளையோடு டாலர் குறியையும் கேள்விக்குறியையும் சேர்த்துத் தட்டெழுதினால் அந்த எண் தெரியும். 0 என்றால் எல்லாம் நலம். வேறு எண் என்றால் ஏதோ தவறு நேர்ந்துள்ளது. 127 என்பது கட்டளை கிடைக்கவில்லை என்பதையும், 126 என்பது கிடைத்தும் இயக்க முடியவில்லை என்பதையும் குறிக்கும்.

128ஐ விடப் பெரிய எண் வந்தால், அதிலிருந்து 128ஐக் கழித்துப் பார்க்க வேண்டும். நிரலை நிறுத்திய சைகையின் எண் பெரும்பாலும் அவ்வாறு கிடைத்துவிடும். 130 என்றால் சைகை 2. கண்ட்ரோல் விசையையும் சி விசையையும் அழுத்திப் பயனரே நிரலை நிறுத்தினார் என்று பொருள். 139 என்றால் சைகை 11. நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டது. 137 என்றால் சைகை 9. வெளியிலிருந்து நிரல் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டது. நினைவகம் தீர்ந்துபோகும்போது இயங்குதளமே இவ்வாறு செய்வதுண்டு.

தேடுவதும் கேட்பதும்

செய்தியைப் படித்தும் காரணம் விளங்கவில்லை என்றால், ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து பார்க்க வேண்டும். ஒரே சமயத்தில் நான்கு மாற்றங்களைச் செய்தால், எதனால் சரியானது என்பது தெரியாமல் போய்விடும். செய்த மாற்றத்தைக் குறித்து வைப்பதும் நல்லது. தவறான மாற்றத்தைத் திரும்பப் பெற அக்குறிப்பு உதவும்.

இணையத்தில் தேடும்போது, செய்தியில் உள்ள தன் பெயர், தன் அடைவின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிட்டுப் பொதுவான பகுதியை மட்டும் தேட வேண்டும். கிடைத்த தீர்வை அப்படியே ஒட்டிவிடக் கூடாது. அக்கட்டளையின் ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்பதை அறிந்தபின்னரே இயக்க வேண்டும். ‘ஆர்எம்’ என்னும் கட்டளை கோப்புகளை அழிப்பது. முனையத்தில் அழித்த கோப்பு குப்பைத் தொட்டிக்குச் செல்வதில்லை. நகல் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

பிறரிடம் உதவி கேட்கும்போது, “என் கணினி வேலை செய்யவில்லை” என்று சொன்னால் எவராலும் உதவ முடியாது. செய்ய விரும்பியது என்ன, தட்டெழுதிய கட்டளை எது, திரையில் தோன்றிய முழுச்செய்தி என்ன, இயங்குதளத்தின் பதிப்பு எது என்னும் நான்கு விவரங்களையும் தர வேண்டும். இந்நான்கையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே சிலருக்கு விடை தெரிந்துவிடுகிறது.

சிங்கப்பூரில் திறமூல ஆர்வலர்கள் பலர் தன்னார்வத்தோடு இவ்வுதவியைச் செய்து வருகிறார்கள். ‘ஃபாஸ்ஏஷியா’ என்னும் திறமூல அமைப்பின் உச்சநிலை மாநாடு 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தில் நடைபெற்றது. நிரல் எழுதுவோரும் மாணவர்களும் அங்கே ஒன்றுகூடிக் கற்றார்கள்.

திறமூல மென்பொருளில் பிழையைக் கண்டவர் அதைச் சரிசெய்துகொள்வதோடு நின்றுவிடத் தேவையில்லை. அதை உருவாக்கியவர்களுக்கு முறையாக எழுதித் தெரிவிக்கலாம். நிரல் தெரிந்தவர் திருத்தியும் அனுப்பலாம். தமிழ் நன்கு அறிந்தவர், மென்பொருளின் செய்திகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கலாம். லினக்ஸில் இயங்கும் பல மென்பொருள்கள் இன்று தமிழில் பேசுவது இத்தகைய தன்னார்வலர்களின் உழைப்பால்தான். ஒருவர் தெளிவாக எழுதி அனுப்பும் ஒரு பிழைக்குறிப்பால், அடுத்த பதிப்பில் அந்தத் தடை எல்லாருக்கும் நீங்கிவிடுகிறது. அதற்குத் தேவையான முதல் திறன், திரையில் உள்ளதை முழுமையாகப் படிப்பதே.